பரோன் என்கிற எருது

ரெந்தேனா பள்ளத்தாக்கு
9 மார்ச் 1936

அன்செல்மோவுக்கு,

பதினோரு வருடம் கழித்து எழுதுகிறேன். ‘அன்புள்ள அண்ணா’ என்று ஆரம்பித்தேன். அடுத்த வரி வரவில்லை. அதைக் கிழித்துப் போட்டுவிட்டு இப்படி எழுதுகிறேன்.

இதைச் செலெஸ்தே கையில் கொடுத்து அனுப்புகிறேன். அவனும் லண்டனில் சாணை பிடிக்கிறவன்தானே, நீ எந்தத் தெருவில் இருக்கிறாய் என்று தெரியும் என்றான். தபாலில் போடப் பயமாக இருக்கிறது. யார் பிரித்துப் படிக்கிறார்கள் என்று இப்போதெல்லாம் சொல்ல முடியவில்லை.

நலம் விசாரிக்க எழுதவில்லை. காளைக்காக எழுதுகிறேன்.

போன மாதம் கால்நடை அலுவலகத்திலிருந்து ஆணை வந்தது. இனிமேல் இந்தப் பள்ளத்தாக்கில் பழுப்பு இனத்துக் காளை மட்டும்தான் பொலிகாளையாக இருக்கலாமாம். நம் கருமாட்டுக் காளைகளை மே முடிவதற்குள் காயடிக்க வேண்டும், இல்லாவிட்டால் கசாப்புக்குக் கொடுக்க வேண்டும். கோயிலுக்கு முன்னால் மேடை போட்டு ஒரு பெரிய அதிகாரி பேசினார்.

“உங்க மாடு சின்ன மாடு. பால் கம்மி, கறி கம்மி. நாட்டுக்கு நல்ல இனம் ஒண்ணு போதும்” என்றார்.

கொல்லன் பியேரோ பின்னாலிருந்து கேட்டான்: “ஐயா, அந்தப் பழுப்பு மாட்டோட ஏணியும் சேத்துக் குடுப்பீங்களா? எங்க மேய்ச்சல் செங்குத்தா இருக்கும்.”

எல்லோரும் சிரித்தார்கள். மேடையிலிருந்த ஒருவர் அவன் பெயரைக் கேட்டு எழுதிக்கொண்டார். அப்புறம் யாரும் சிரிக்கவில்லை.

அந்த அதிகாரிக்குப் பக்கத்தில் நோட்டுப் புத்தகத்தோடு உட்கார்ந்திருந்தது யார் தெரியுமா? ஒத்தோரினோ. நம் மலைப்பட்டியில் உன்னோடு மூன்று கோடை மாடு மேய்த்தானே, விதவை மகன், அவனேதான். இப்போது ஆய்வாளன். என்னைப் பார்த்ததும் குனிந்து பக்கத்தைப் புரட்டினான்.

நம்மிடம் பதினெட்டுப் பசு இருக்கிறது, பரோன் என்று ஒரு காளை இருக்கிறது. மூன்று வயது. உடம்பு கரிபோலக் கருத்து, மூக்கைச் சுற்றி மட்டும் பாலில் முக்கி எடுத்ததுபோல வெள்ளை. பள்ளத்தாக்கின் இந்தப் பக்கத்தில் மிச்சமிருக்கிற நல்ல காளை இது ஒன்றுதான். இது போனால் பசுக்கள் இருந்தும் பயனில்லை. பத்து வருடத்தில் நம் இனமே இருக்காது.

அப்பா மந்தையை நம் இருவர் பெயரிலும் எழுதிவைத்திருக்கிறார். ஆகவே சம்மதத் தாளில் உன் கையெழுத்தும் வேண்டுமாம். ‘அண்ணனுக்கு அனுப்பினாயா’ என்று கேட்பார்கள் என்பதற்காகத் தாளை இதோடு வைத்திருக்கிறேன். கையெழுத்துப் போடாதே. நான் கேட்பது அவ்வளவுதான்.

டோசோலினா


லண்டன்
2 ஏப்ரல் 1936

டோசோலினாவுக்கு,

செலெஸ்தே நேற்று வந்தான். கடிதத்தைக் கொடுத்துவிட்டுப் போகாமல் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றான், ஊரில் போய்ச் சொல்வதற்கு. அவன் போகிறவரைக்கும் நான் பிரிக்கவில்லை.

அப்பா செத்ததற்கு நீ எழுதவில்லை. பாதிரியார் எழுதினார், நான்கு வரி. அடக்கம் முடிந்து ஐந்து வாரம் கழித்து என் கைக்கு வந்தது. ஒரு காளைக்கு ஆபத்து என்றதும் மூன்று பக்கம் எழுத வருகிறது உனக்கு.

நீ கேட்டதற்குப் பதில்: கையெழுத்துப் போடப் போகிறேன். ஏன் போடக் கூடாது? உலகம் முழுக்கப் பெரிய மாடு வளர்க்கிறார்கள். நம் மாடு என்ன தருகிறது? ஒரு வாளிப் பால், ஒரு வண்டிப் பிடிவாதம். நம் வீட்டு ஆட்களைப் போலத்தான்.

எனக்கு இங்கே குறை ஒன்றுமில்லை. தள்ளுவண்டியில் சாணைக்கல்லைப் பூட்டிக்கொண்டு காலையில் கிளம்பினால் எட்டு உணவு விடுதி, மூன்று கசாப்புக் கடை. மழை பெய்தால் வண்டிக்குமேல் தார்ப்பாய் போட்டுக்கொள்கிறேன். இந்த ஊரில் மழை பெய்யாத நாளுக்குத்தான் பெயர் வைக்க வேண்டும். நடக்கும் பாதையெல்லாம் பலகை போலத் தட்டை. முழங்கால் வலி போய்விட்டது.

ஒன்று மட்டும் நெஞ்சிலேயே கிடக்கிறது. அந்த லோரென்சோ திருநாளன்று, ஆலங்கட்டி மழை ஓய்ந்த பிறகு, நம் மாடுகள் ஒன்பது பாறைக்குக் கீழே செத்துக் கிடந்தன. மிரண்டு ஓடி விளிம்பிலிருந்து விழுந்தவை. அப்பா மண்டி போட்டு ஒவ்வொன்றின் கழுத்தையும் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் யாரையும் எதுவும் கேட்கவில்லை. அந்த நேரத்தில் நீ வாயைத் திறந்தாய். “அண்ணன் கீழே நடனத்துக்குப் போயிட்டான்.” அதற்குப் பிறகு அவர் என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை, நான் கிளம்புகிறவரைக்கும்.

தாள் கத்தி வைக்கும் இழுப்பறையில் இருக்கிறது. நாளை அனுப்புகிறேன்.

அன்செல்மோ

பி.கு.: பரோன் யாருடைய கன்று? கொலோம்பாவின் வழியா?


ரெந்தேனா
21 ஏப்ரல் 1936

அன்செல்மோ,

கொலோம்பாவின் பேரன்தான். அன்று தப்பித்த பசுக்களில் அவளும் ஒருத்தி. அதைத் தெரிந்துகொள்ளத்தான் பின்குறிப்பு என்றால், முன்னால் எழுதின வசவெல்லாம் எதற்கு?

பெரிய மாடு என்றாயே, கேள். மேல்வீட்டு ஃபெதேலே போன வருடம் இரண்டு பழுப்பு மாடு வாங்கினான். அழகான மாடுகள், இல்லையென்று சொல்லமாட்டேன். சமவெளியில் வயிறு முட்டத் தின்று நின்ற இடத்தில் கறக்கப் பிறந்தவை. ஜூனில் எல்லோரும் மலை ஏறினோம். இரண்டாவது திருப்பத்திலேயே ஒன்று படுத்துவிட்டது. ஃபெதேலே அதன் காதில் போய்க் கெஞ்சினான்: “எந்திரி மகாராணி, இன்னும் மூணு மணி நேரந்தான்.” அவன் மனைவி, “என்னை ஒரு நாளாவது இப்படிக் கூப்பிட்டிருக்கியா?” என்றாள்.

மேலே போன பிறகு இன்னும் மோசம். கல்லில் குளம்பு பிளந்தது. செங்குத்துப் புல்லுக்கு ஏறாது, கீழே நின்று கத்தும். பத்து நாளில் பால் பாதியாகிவிட்டது. கடைசியில் ஃபெதேலே கீழேயிருந்து தவிட்டு மூட்டையை முதுகில் சுமந்து வந்தான். மனிதன் மாட்டுக்குச் சோறு சுமந்து மலை ஏறுவதை அன்றுதான் பார்த்தேன். நம்முடையவை ஆடு போகத் தயங்கும் இடத்தில் போய் மேய்ந்துவிட்டு, சாயங்காலம் மடி கனக்கத் தாமாக வந்து நிற்கின்றன. புல்லைத் தவிர ஒன்றும் கேட்கவில்லை. இதைப் போய் அந்த மேடைக்காரருக்கு யார் சொல்வது?

அப்பாவிடம் நான் சொன்னது பொய்யா? உன் கட்டில் காலி. நல்ல பூட்ஸைக் காணோம். நடனமாடிய காலோடுதானே நீ ஓடி வந்தாய்? அதைச் சொன்னதற்கு நானா குற்றவாளி?

அவர் செத்தபோது எழுதினேன். மூன்று முறை எழுதினேன். மூன்றிலும் முதல் வரி ‘நீ இங்கே இருந்திருந்தால்’ என்றே வந்தது. அடுப்பில் போட்டேன். அவர் உன் பெயரைச் சொன்னதில்லை, உண்மைதான். ஆனால் கடைசி வருடம் முழுக்க, “மூணு பேருக்குக் களி கிளறு” என்பார். வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். மிச்சத்தைக் காலையில் பாலில் பிசைந்து நானே தின்பேன்.

கையெழுத்துப் போட்டுவிட்டாயா?

டோசோலினா


லண்டன்
6 மே 1936

டோசி,

இந்தக் கடிதத்தைச் செலெஸ்தேயின் மைத்துனன் கொண்டுவருகிறான். படித்ததும் எரித்துவிடு.

போன வாரம் ஒரு பெரிய விடுதியில் கத்திகளைத் திருப்பிக் கொடுக்கப் போனேன். தலைமைச் சமையல்காரன் வெண்ணெய்க் கட்டியைப் பிரித்தான். மெழுகுவர்த்தி நிறம். “ஜூன் மாசத்துல எங்க வெண்ணெய் இப்படி இருக்காது, நல்ல மஞ்சளா இருக்கும்” என்று சொல்லித் தொலைத்துவிட்டேன்.

“ஏன், உங்க ஊர்ப் பசு அப்படி என்னத்தைத் திங்குது?” என்றான்.

சொல்ல ஆரம்பித்தேன். ஒவ்வொரு புல்லாக, ஒவ்வொரு பூவாக. ஏரிக்கரையில் வருவது, பனி உருகின இடத்தில் முதலில் தலைகாட்டுவது, மாடு ஒதுக்கிவிட்டுக் கடைசியில் வேறு வழியில்லாமல் கடிப்பது. எல்லாம் நம் பேச்சில்தான் வாயில் வருகிறது. எண்ணிப் பார்த்தால் பதினாலு பெயர் சொல்லியிருக்கிறேன். அவனுக்கு ஒன்றும் புரியவில்லை. “கத்தியை வச்சுட்டுக் கிளம்புப்பா” என்றான். வெளியே வந்து வண்டிப் பிடியைப் பிடித்துக்கொண்டு தெருவில் நின்றேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. ஒரு போலீஸ்காரன் வந்து நகரச் சொன்னான்.

சம்மதத் தாளைக் கிழித்துவிட்டேன். கேட்டால் வழியில் தொலைந்தது என்று சொல். மறுபடி அனுப்பச் சொன்னால் மறுபடியும் தொலையும். ஆனாலும் அது கொஞ்ச நாளைக்குத்தான் தாங்கும். காளையை ஒளிக்க வேண்டும். இடம் சொல்கிறேன்.

பட்டிக்கு மேலே ஏரி. ஏரியின் தலைப்பில் அருவி. அருவிக்கு இடப்பக்கம் சரிந்து கிடக்கிற பாறைகளுக்கு நடுவே, காட்டுப் புதர் மூடிய ஒரு சந்து இருக்கிறது. பசு நுழையும் அகலம். பத்து அடி போனால் உள்ளே திறக்கும். நாலு பக்கமும் சுவர் போலப் பாறை, நடுவில் பச்சைப் பள்ளம், ஓர் ஊற்று. வெளியிலிருந்து பார்த்தால் அப்படி ஓர் இடம் இருப்பதே தெரியாது. நாங்கள் அதைக் ‘கிண்ணம்’ என்போம். அப்பாவுக்குக்கூடத் தெரியாது. ஒரு காளைக்கு இரண்டு மாதப் புல் இருக்கும். பருவத்துக்கு வந்த பசுவை அங்கே ஓட்டிப் போனால் போதும்.

இனித் தபாலில் எழுதும்போது பரோனை மாமா என்று எழுது. நமக்குத்தான் மாமாவே கிடையாதே, ஊர்க்காரர்கள் படித்தால் சிரிப்பார்கள். சென்சார்காரனுக்கு அது எங்கே தெரியப் போகிறது?

அண்ணன்


லாவானே மலைப்பட்டி
30 ஜூன் 1936

அன்புள்ள அண்ணா,

நாங்கள் எல்லோரும் நலம். பன்னிரண்டாம் தேதி மேலே வந்தோம். மாமாவும் கூட வந்தார். அவருக்கு ஊர்க்காற்று ஒத்துக்கொள்ளவில்லை என்று வைத்தியர்கள் சொன்னார்கள் அல்லவா, அதனால் நீ சொன்ன இடத்திலேயே தங்கவைத்திருக்கிறோம். நுழையும்போது கொஞ்சம் முரண்டு பிடித்தார், தோள் அகலமாயிற்றே. உள்ளே போனதும் ஊற்றில் வாயை வைத்தவர், எடுக்க வெகு நேரமாயிற்று.

பசி நன்றாக இருக்கிறது. இதுவரை ஐந்து உறவுக்காரிகள் போய்ப் பார்த்துவிட்டு வந்தார்கள். வந்தவர்களை நன்றாக உபசரிக்கிறார். யாரும் குறை சொல்லவில்லை.

பனி இந்த வருடம் சீக்கிரம் உருகிவிட்டது. ஏரிக்கரை முழுக்க மஞ்சள். காலையில் மாடுகளைத் திறந்துவிட்டால் மூத்தவள்தான் முதலில் போகிறாள். மற்றவை மணியை ஆட்டிக்கொண்டு பின்னால். வெண்ணெய் கடைந்தேன். நிறத்தைப் பார்த்து உன்னை நினைத்தேன். உனக்கு அனுப்பினால் வந்து சேர்வதற்குள் நெய்யாகிவிடும்.

ஆலங்கட்டிக்குப் பயந்து தினமும் மேகத்தைப் பார்க்கிறேன். வேறு விசேஷமில்லை.

டோசி


லண்டன்
8 ஜூலை 1936

டோசி,

உன் கடிதம் இப்போதுதான் வந்தது, நின்றபடியே எழுதுகிறேன். நான் முட்டாள். மாமா தங்கியிருக்கிற இடத்தைக் கண்டுபிடித்தது நானில்லை. ‘நாங்கள்’ என்று எழுதினேனே, அப்போதே உறைத்திருக்க வேண்டும். அந்தப் பழைய கூட்டாளிதான் முதலில் கண்டுபிடித்து எனக்குக் காட்டினான், நோட்டுப் புத்தகம் வைத்திருக்கிறானே அவன். மாமாவை உடனே வேறு இடத்துக்குக் கூட்டிப் போ. இன்றைக்கே.

அன்செல்மோ


லாவானே மலைப்பட்டி
2 ஆகஸ்ட் 1936

அண்ணா,

இது தபாலில் இல்லை, ஆள் கையில் வருகிறது, ஆகவே மறைக்காமல் எழுதுகிறேன். உன் கடிதம் போன மாதம் பதினாறாம் தேதி வந்தது. ஒத்தோரினோ பதினோராம் தேதியே வந்துவிட்டான்.

காலைக் கறவை முடிந்து பாலை வடிகட்டிக்கொண்டிருந்தேன். இரண்டு காவலர்களோடு வந்தான். இருவரும் துப்பாக்கி வைத்திருந்தார்கள். கடற்கரை ஊர்ப் பையன்கள், ஏறி வந்த களைப்பில் முகம் வெளுத்திருந்தது. மோர் கொடுத்தேன். ஒத்தோரினோ வேண்டாம் என்றுவிட்டான். மாடுகளை எண்ணினான்.

“பதினெட்டு பசு. காளை எங்கே?”

“பனிக்காலத்துல வழுக்கி விழுந்து செத்துப்போச்சு.”

“தோலு?”

அதை நான் யோசித்திருக்கவில்லை. பொய் சொல்லப் பழகாதவள் தோலை மறந்துவிட்டேன். என் வாயை ஒரு நிமிடம் பார்த்துவிட்டுக் காவலர்களிடம், “நீங்க கிழக்குச் சரிவைப் பாருங்க. நான் ஏரிப் பக்கம் போறேன்” என்றான்.

நான் பின்னாலேயே போனேன். அவன் திரும்பிப் பார்க்கவில்லை. அருவிக்கு இடப்பக்கம் நேராகப் போய்ப் புதரை விலக்கினான். ஒரு கல்லைக் கையில் எடுத்தேன். எதற்கென்று எனக்கே தெரியாது.

பரோன் ஊற்றுக்குப் பக்கத்தில் படுத்து அசை போட்டுக்கொண்டிருந்தது. எங்களைப் பார்த்து எழுந்துகூட நிற்கவில்லை. ஒத்தோரினோ தொப்பியைக் கழற்றினான்.

“கொலோம்பா நெத்தி அப்படியே இருக்கு” என்றான்.

“அவ பேரன்.”

“கல்லைக் கீழ போடு டோசோலினா.”

போட்டேன். அவன் பாறையில் உட்கார்ந்தான். அப்புறம் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னான்: “அன்னைக்கு மாட்டைப் பாத்துக்கறேன்னு சொன்னது நாந்தான். உங்கண்ணன் சாயங்காலம் வரைக்கும்தான் கேட்டான். ‘போய் ஆடிட்டு வாடா, நான் இருக்கேன்’னேன். படுத்தேன், தூங்கிட்டேன். முதுகுல ஆலங்கட்டி விழுந்துதான் முழிச்சேன். அதுக்குள்ள அதுங்க ஓடிருச்சு. உங்கப்பா வந்தப்ப நான் மரத்துக்குப் பின்னால நின்னேன். அன்செல்மோ என்னைப் பாத்தான். பாத்துட்டு, வாயைத் திறக்கலை.”

எதிரே இருந்த பாறையில் நானும் உட்கார்ந்தேன்.

“அவன் சொல்லுவான் சொல்லுவான்னு ஒவ்வொரு நாளும் காத்திருந்தேன். லண்டனுக்குக் கிளம்பிட்டான்னு ஊர்ல சொன்னாங்க. எனக்கு... சத்தியமா சொல்றேன், எனக்கு நிம்மதியா இருந்துச்சு. அதைத்தான் பொறுக்க முடியலை.”

வெளியே காவலர்களின் குரல் கேட்டது. அவன் எழுந்து சந்து வாசலுக்குப் போய் நின்று, “இங்க ஒரு எருது நிக்குது. வேற ஒண்ணுமில்லை” என்றான்.

ஒரு பையன் எட்டிப் பார்க்க வந்தான்.

“கிட்ட போகாத தம்பி, முட்டும்.”

“எருது முட்டுமா ஐயா?”

“இந்த வீட்டுது எல்லாமே முட்டும்” என்று என்னைப் பார்த்தான். நோட்டில் எழுதினான்: எருது, ஒன்று, காயடிக்கப்பட்டது. கீழே கையெழுத்தும் போட்டான்.

அவர்கள் போன பிறகு ஏரிக்கரையில் உட்கார்ந்து அழுதேன். காளைக்காக இல்லை. பதினோரு வருடம் உன்மேல் நான் வைத்திருந்த கோபத்தை இப்போது எங்கே கொண்டுபோய் வைப்பது? நீ ஏன் சொல்லவில்லை? அப்பாவிடம் வேண்டாம், என்னிடமாவது?

டோசி


லண்டன்
19 ஆகஸ்ட் 1936

அன்புள்ள டோசி,

மூன்று நாளாக இந்தக் கடிதத்தை எழுதுகிறேன்.

அப்பாவை உனக்குத் தெரியும். ஒத்தோரினோ தூங்கினான் என்று தெரிந்திருந்தால் அன்றே விரட்டியிருப்பார். அவரே விரட்டின ஆளைப் பள்ளத்தாக்கில் வேறு எந்தப் பட்டியும் சேர்த்துக்கொண்டிருக்காது. வீட்டில் அவன் அம்மா படுக்கையில். நான் அந்த வீட்டு மகன், என்னை எத்தனை நாளைக்குத் திட்டுவார், ஒரு மாதம் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் பரவாயில்லை. அவர் பேசாமல் இருந்தார். அது தாங்கவில்லை. போனேன். இரண்டு வருடத்தில் வந்துவிடலாம் என்றுதான் போனேன்.

இது பாதிதான். மீதியையும் எழுதுகிறேன். மந்தை என் பொறுப்பு. காலையிலேயே மேற்கே மேகம் கருத்திருந்தது, பார்த்தேன். ஆனாலும் பூட்ஸை மாட்டிக்கொண்டு இறங்கினேன். நீ அப்பாவிடம் சொன்னது பொய்யில்லை டோசி. அதனால்தான் உன்மேல் அவ்வளவு கோபம். பொய்யாக இருந்திருந்தால் அன்றே மறுத்துவிட்டு மறந்திருப்பேன்.

ஒத்தோரினோவிடம் ஒன்றும் சொல்லாதே. நன்றி என்றும் சொல்லாதே, அவனுக்கு அது இன்னும் கஷ்டம். இனி வந்தால் மோர் கொடு.

எருது எப்படி இருக்கிறது?

அண்ணன்


ரெந்தேனா
3 மார்ச் 1946

அன்புள்ள அண்ணா,

நீ உயிரோடு இருக்கிறாய் என்று செலெஸ்தே எழுதியதை நேற்றுப் படித்தேன். நாற்பதாம் வருடம் ஜூனில் நான் போட்ட கடிதம் முத்திரையோடு திரும்பி வந்தது. போர் மூண்டதும் அங்கே இருந்த இத்தாலிக்காரர்களை எல்லாம் கடல் நடுவே ஒரு தீவில் முள்கம்பிக்குள் அடைத்துவிட்டார்கள் என்று கேள்விப்பட்டேன். அதற்குப் பிறகு ஒன்றும் தெரியாது. ஆறு வருடத்தை எப்படி ஒரு கடிதத்தில் எழுதுவது? மாட்டிலிருந்து ஆரம்பிக்கிறேன், அது எனக்குச் சுலபம்.

பரோன் எருதாகவே வாழ்ந்தது. வெளிப்பார்வைக்கு வைக்கோல் வண்டியில் பூட்டினேன். இழுக்கவும் செய்தது, பெருமையாக. பியேரோ லாடம் அடிக்கும்போது, “உங்க எருது நேத்து எங்க பசுவைப் பாத்துப் பெருமூச்சு விட்டுச்சே, என்ன விஷயம்?” என்பான். முதல் வசந்தத்தில் பதினாலு கன்று. எல்லாம் கருப்பு, எல்லாவற்றுக்கும் மூக்கில் வெள்ளை.

ஒத்தோரினோ நம் வீட்டோடு நிற்கவில்லை. அந்த வருடம் அவன் நோட்டில் மட்டும் பள்ளத்தாக்கு முழுக்கப் பதினோரு எருது. முப்பத்தெட்டில் யாரோ மேலிடத்துக்கு மொட்டைக் கடுதாசி போட்டார்கள், ‘இந்த ஆய்வாளர் பார்க்கிற கிராமங்களில் எருதுகள்கூடக் கன்று போடுகின்றன’ என்று. வேலை போனது. தெற்கே எங்கோ ஒரு கிராமத்தில் இரண்டு வருடம் காவலில் வைத்தார்கள். திரும்பி வந்தபோது நெஞ்சில் இருமலும் கையில் ஒரு பெட்டியும்தான் இருந்தன. அவன் அம்மா அதற்குள் போய்விட்டாள். “ஜூன்ல மேல போறோம். பால் காய்ச்ச ஆள் இல்லை” என்று மட்டும் சொன்னேன். அன்றிலிருந்து லாவானேயில் பால்கட்டி போடுவது அவன்தான். நன்றாகவே போடுகிறான். உப்பு மட்டும் கூடப் போடுவான்.

பரோன் நாற்பத்திரண்டில் தொழுவத்தில் படுத்தபடி செத்தது. வேலை செய்து ஓய்ந்த எருதுக்குக் கிடைக்கிற மரியாதையோடுதான் புதைத்தோம். நாற்பத்துநாலில் ஜெர்மன்காரர்கள் வந்து ஒன்பது மாடு ஓட்டிப் போனார்கள். மீதியை ஒத்தோரினோவும் நானும் கிண்ணத்தில் அடைத்து மூன்று நாள் அங்கேயே கிடந்தோம். ஒரு மாடுகூடக் கத்தவில்லை. இன்றைக்குத் தேதியில் முப்பத்தொன்று நிற்கின்றன. புதிய அலுவலகம் திறந்திருக்கிறார்கள். காளையின் நிறத்தை யாரும் கேட்கவில்லை.

ஜூன் பத்து வாக்கில் மலை ஏறுகிறோம். எனக்கு நாற்பத்தெட்டு வயது. இந்த ஒரு தடவைதான் கேட்பேன், வா.

டோசி


லண்டன்
6 அக்டோபர் 1946

அன்புள்ள டோசி,

நேரில் சொல்ல வாய் வராததை எல்லாம் எழுதிவிடுகிறேன்.

மேலே வந்த முதல் நாள், இரண்டாவது திருப்பத்தில் நான் உட்கார்ந்துவிட்டேன். நீ என் காதருகே வந்து “எந்திரி மகாராணி” என்றாயே, அப்போது சிரித்தேன். ஆனால் அழுகைதான் வந்தது. மூச்சு வாங்குகிறது என்று நினைத்திருப்பாய்.

மாடுகளுக்கு நான் யாரோ. அது எனக்குத் தெரியாததில்லை, எல்லாம் நான் போன பிறகு பிறந்தவை. இருந்தும் காலையில் கதவைத் திறந்துவிட்டபோது அவை என்னைச் சுற்றிப் பிரிந்து, நடுவில் கல் கிடந்தால் தண்ணீர் ஒதுங்கிப் போகுமே அப்படிப் போனபோது, ஏதாவது ஒன்று நின்று பார்க்கும் என்று எதிர்பார்த்தேன். பத்தாம் நாள்தான் ஒரு கிடேரி வந்து கையை நக்கியது. உப்புக்காகத்தான். எனக்கு அது போதும்.

ஒத்தோரினோவும் நானும் என்ன பேசினோம் என்று நீ இரண்டு தடவை கேட்டாய். மூன்று நாள் பால் திரிவதைப் பற்றிப் பேசினோம். உப்பு கூட என்றேன், இல்லை என்றான். நாலாம் நாள் அந்தப் பாறை விளிம்புக்கு மாடு திருப்பப் போனோம். கீழே பார்த்துக்கொண்டு நின்றோம். இப்போது அங்கே புல் அடர்ந்து கிடக்கிறது.

“நான் தூங்கிட்டேன்டா” என்றான்.

“நான் ஆடப் போயிட்டேன்டா” என்றேன்.

அவ்வளவுதான். மாடுகள் மேற்கே போய்க்கொண்டிருந்தன, திருப்பப் போய்விட்டோம். அப்பாவும் அங்கே நின்றிருக்கலாம் என்று தோன்றியது. நின்றிருந்தால் மூன்று பேரும் பேசாமல்தான் நின்றிருப்போம்.

கடைசி நாள் நீ “இருந்துடேன் அண்ணா” என்றாய். நான் வாளியைக் கழுவிக்கொண்டிருந்தேன், கழுவின வாளியையே மறுபடியும் கழுவினேன். பதில் இதுதான்: எனக்கு ஐம்பத்தொன்று. இருபது வருடம் தட்டைத் தெருவில் நடந்த கால். இங்கே காலையில் எட்டு விடுதிக்காரர்கள் என் சக்கரச் சத்தத்துக்குக் காத்திருக்கிறார்கள். ஒரு கோடை முழுக்க நான் உங்களுக்கு விருந்தாளிதான். நீ ஒரு நாளும் அப்படி நடத்தவில்லை, ஆனாலும் விருந்தாளிதான். அது வருத்தமில்லை, டோசி. இத்தனை நாளும் ஊருக்கு வர முடியாதவனாக இருந்தேன். இப்போது வந்து போகிறவன். இரண்டும் ஒன்றில்லை.

மிலானில் ரயில் மாறினேன். பெட்டியில் எதிரே ஓர் அம்மா, மடியில் சின்னப் பெண். ரயில் கிளம்பிக் கொஞ்ச நேரத்தில் அந்த அம்மா ஜன்னலைத் திறந்தாள். அந்தப் பெண் என்னைப் பார்த்து மூக்கை உறிஞ்சிவிட்டு உரக்கச் சொன்னது: “அம்மா, இந்தத் தாத்தா மேல மாடு வாசனை.” அவள் வெட்கப்பட்டுக் குழந்தையை அடிக்கக் கை ஓங்கினாள். “அடிக்காதீங்கம்மா. பிள்ளை சரியாத்தான் சொல்லுது” என்றேன்.

கோட்டைக் கழற்றாமலே லண்டன் வந்து சேர்ந்தேன். ஆறு நாளாகக் கதவுக்குப் பின்னால் தொங்குகிறது. துவைக்கக் கொடுங்கள் என்று வீட்டுக்காரம்மா தினமும் கேட்கிறாள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை வரைக்கும் பொறுக்கச் சொல்லியிருக்கிறேன்.

உன் அண்ணன்
அன்செல்மோ